அப்பா வீட்டுப் பை

கரண்டியிலிருந்து ஒரு சொட்டை நாக்கில் வைத்தேன்.

அதே சப்பென்ற சாஸ். இருபத்தொரு வருடத்துக்கு முன்னால் எங்கள் பங்குக் கோயிலின் கோடை விருந்தைக் கெடுத்த அதே சாஸ்.

அப்படியானால் ஊர் சொன்னது நிஜம்தானா? தப்பு என் வீட்டுக்காரர் கிளெமென்ட் மேல்தானா?

"விடுக்கா. மச்சானே போய்ச் சேந்தாச்சு. இன்னும் எதுக்கு இதப் போட்டுக் கிளறிக்கிட்டு?" என்றான் என் தம்பி ராய்ஸ். சமையலறை மேசையில் உட்கார்ந்து தொப்பியை உருட்டிக்கொண்டிருந்தான்.

கென்டக்கியில் எங்கள் பக்கம் கிழட்டு ஆட்டுக்கறியை ஹிக்கரி மரத் தணலில் போட்டு, கறுப்பு சாஸைத் துணித் துடைப்பத்தால் தடவித் தடவி வேகவைப்போம். வினிகர், எலுமிச்சை, வெண்ணெய் எல்லாம் எவளுக்கும் தெரிந்ததுதான். ருசி இருப்பது மசாலாப் பைகளில்.

விருந்துக்கு மூன்று வீட்டார் ஆளுக்கொரு துணிப்பையைத் தைத்துக் கொண்டுவந்து அண்டாவில் போடுவார்கள். ஹேடன் வீட்டுப் பை, என் புகுந்த வீட்டுப் பை, என் அப்பா வீட்டுப் பை. ஒரு வீட்டுப் பையில் என்ன இருக்கிறது என்று அடுத்த வீட்டுக்குத் தெரியாது. அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மகள் வாயைப் பொத்திக்கொண்டு கறியைத் தின்ன வேண்டியதுதான்.

சாஸ் இறக்கியதும் பைகளைப் பிரிக்காமல் தணலில் போட்டு எரித்துவிட வேண்டும். அந்த வேலை கிளெமென்ட்டுடையது.

அப்பா பக்கவாதம் வந்து இறந்த வருடம் ராய்ஸ் முதல் தடவையாகப் பை கொண்டுவந்தான். அந்த வருடம்தான் சாஸ் கெட்டது. கறியை வாயில் வைத்தவர்களெல்லாம் முகம் சுளித்தார்கள். மச்சான் பையில்தான் ஏதோ குறை என்று அத்தனை பேர் முன்னாலும் ராய்ஸ் சொன்னான்.

பைகளை எரித்துவிட்டு வீட்டுக்கு வந்தவரிடம், "அளவு தப்பிடுச்சா?" என்று நானும் கேட்டேன்.

"ஆமா, தப்பிடுச்சு" என்றார்.

அதன் பிறகு அவரும் விருந்துக்குப் போகவில்லை, அவர் பையும் போகவில்லை. சாஸும் தேறவில்லை. அதற்கும் அவரைத்தான் சொன்னார்கள்.

போன பிப்ரவரியில் இறந்தார். எங்களுக்கு மகன் இல்லை. தன் வீட்டு மசாலா அளவை எனக்கென்று ஓர் அட்டையில் எழுதிப் புகையிலை டப்பாவில் வைத்திருந்தார். கூடவே கருத்துப்போன நாலு சோள மணிகள் கிடந்தன. மீன்பிடிக்கத் தூண்டிலில் மாட்டியது மிஞ்சியிருக்கும் என்று சன்னல் விளிம்பில் போட்டுவைத்தேன்.

எனக்கு அவர் பேரைத் துடைத்தாக வேண்டும். அட்டையில் உள்ளபடி அவர் பையை நானே தைத்தேன். ஹேடன் வீட்டில் கெஞ்சி ஒன்று வாங்கினேன். ராய்ஸ் இரண்டு வாரம் இழுத்தடித்துவிட்டு இன்று காலையில்தான் கொண்டுவந்தான். பழைய ருசி வந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற ஒவ்வொருத்தர் தட்டிலும் ஊற்றிவிடுவது என்று இருந்தேன்.

வரவில்லையே. பைகளைக் கரண்டியால் அள்ளினேன்.

"குடுக்கா, நான் எரிச்சுடறேன்." ராய்ஸ் விழுந்தடித்து எழுந்து வந்து அவன் பையைப் பிடித்தான். சுட்டிருக்க வேண்டும், உதறினான். தையல் விட்டது.

அடுப்பு மேடையில் சோளம் கொட்டியது. ஊறிப் பருத்து, சாஸில் கருத்த சோளம். மாட்டுக்குப் போடுகிற சோளம். பேருக்கு ஒரு மிளகுகூட இல்லை.

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அப்பாவுக்கு வாய் கோணிப் போச்சேக்கா. ஒரு வார்த்தை சொல்லாம செத்துட்டாரு. எனக்குத் தெரியாதுன்னு போய் நான் யார்கிட்டச் சொல்ல?" சோளத்தைக் கையால் ஓரமாகக் கூட்டினான். "இது யாருக்கும் தெரியாதுக்கா. சத்தியமா ஒருத்தருக்கும் தெரியாது."

நான் சன்னல் விளிம்பிலிருந்து அந்த நாலு மணிகளை எடுத்தேன். இருபத்தொரு வருடத்தில் கல்லாக இறுகியிருந்தன. மேடையில் கிடந்த சோளத்தின் பக்கத்தில் வைத்தேன்.

அதே கறுப்பு.

ராய்ஸ் அதைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்குப் பைகளை எரித்துவிட்டு வந்து "ஆமா" என்றபோதே இந்த நாலும் அவரிடம் இருந்திருக்கின்றன. ஒரு வார்த்தை சொல்லவில்லை மனிதர். நான்தான் சொன்னேன்.

"உங்களால இனிமே எங்க அப்பா வீட்டு ஆளுங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்" என்று.