பதினெட்டு ரூபாய்ப் பாட்டு

செல்லக்கனியின் பாட்டுக்கு விலை பதினெட்டு ரூபாய்: மெழுகுவர்த்தி எட்டு, முகப்பவுடர் பத்து. அவள் கணவர் தங்கப்பழம் வைத்திருந்த பழைய காரின் மடக்குக் கூரை, வண்டி நகர்ந்தாலே கீச்சுக்கீச்சென்று கத்தும். மெக்கானிக் ஒன்பதாயிரம் கேட்டார். கேட்ட விலையைக் கொடுத்துப் பழக்கமில்லாத தங்கப்பழம், வாசலிலேயே வைத்துக் கீல்களில் மெழுகும் ரப்பரில் பவுடரும் தேய்த்துக் கூரையின் வாயை அடைத்துவிட்டார். மறுநாள் இருவருமாகத் தங்கள் கடையைத் திறக்கக் கிளம்பினால், பக்கத்து இருக்கையிலிருந்து பாட்டு வருகிறது. இத்தனை வருஷமும் கூரைச் சத்தத்துக்கு அடியில் அவள் பாடிக்கொண்டுதான் வந்திருக்கிறாள். அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். பாட்டு சட்டென்று நின்றது.

“என்னங்க, சத்தத்தையே காணோம்? நான் பாடுனது கேட்டுச்சா? இனிமே வாயே தொறக்க மாட்டேன் சாமி!”

“நீ எங்க பாடுன? பவுடர் எத்தனை நாளைக்குத் தாங்கும், நாளைக்கே கத்தும் பாரு.”

தன் சரக்கை அவரே மட்டம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் அவள் அடுப்படியில் இருந்தபோது, ஈரத்துணியால் பவுடரைக் கொஞ்சங்கொஞ்சமாகத் துடைத்தார். பொன் நிறுப்பவரைப்போல, கூரையை ஆட்டி ஆட்டிக் காதைக் கொடுத்துப் பார்த்தார். அவள் ஒளிந்துகொள்கிற அளவுக்குச் சத்தம் வேண்டும். அவருக்குக் கேட்கிற அளவுக்கு அமைதியும் வேண்டும்.

மறுநாள் கூரை லேசாக முனகியது.

“பதினெட்டு ரூபா தண்டம்!” என்று சிரித்தாள் செல்லக்கனி.

“தண்டந்தான்” என்றார் தங்கப்பழம்.

பாலம் தாண்டியதும் அவள் ஆரம்பித்தாள். வரவு, பல்லவி முழுசு, சரணம் பாதி. அதற்குள் கடை வந்துவிட்டது, மீதி பாக்கி.