ஒழுங்காச் சொல்லிக் குடுத்தியா?

"இது என்ன லென்ஸா, மொளகாப் பொடியா?" என்று கத்திக்கொண்டே தென்காசியில் அந்தக் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தார் இலஞ்சி சண்முகவேல். இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

முதலாளி எபனேசர் கல்லாவில் இருந்தார். மெட்ராஸ் ஐ என்று நாலு நாளாகக் கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை. லென்ஸ் மாட்டச் சொல்லிக்கொடுத்த முத்துசெல்வி மீது பாய்ந்தார்.

"ஏட்டி, இவருக்கு ஒழுங்காச் சொல்லிக் குடுத்தியா, இல்ல செல்போன நோண்டிக்கிட்டு இருந்தியா? நாளையிலேருந்து வீட்டுலயே இருந்து நோண்டு!"

முத்துசெல்வி சண்முகவேல் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, மொதல்ல லென்ஸக் கழட்டுங்க. கைய சோப்புப் போட்டுக் கழுவுனியளா?"

"கழுவி, ஈரம் போகத் தொடச்சேன்."

"போட்டுக்கிட்டே தூங்குனியளா?"

"நான் என்ன கிறுக்கனா?"

"லென்ஸ எதுல கழுவுனிய? கொழாத் தண்ணியா?"

"அதான் ஆகாதுன்னியே! ஐந்தருவில பாட்டில்ல புடிச்சிட்டு வந்தேன். அம்புட்டும் மூலிகைத் தண்ணில்லா!"

"ஆஹா! கூடவே கொஞ்சம் எண்ணெயத் தேச்சுக் குளிப்பாட்டியிருக்கலாமே. எந்த மகராசன் குடுத்த யோசன?"

"அருவிக்கரையில அவரும் லென்ஸத்தான் கழுவிக்கிட்டு நின்னாரு. கண்ணாடிக் கடையே வச்சிருக்கவருக்குத் தெரியாதா?"

சண்முகவேலின் விரல் கல்லாப் பக்கம் நீண்டது.

எபனேசர் கூலிங் கிளாஸை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

முத்துசெல்வி வாசலுக்குப் போய் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாவே கண்ணாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க, மொதலாளி. கடைய நான் பாத்துக்கிடுதேன்."