தட்டைக்கால் அடாப்டர்

என் மீசைமேல் ஆணை, இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை! கையடக்க கேம் பெட்டி ஒன்று ஒன்பதாவது கட்டத்தில் ராட்சசனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. சார்ஜ் இரண்டே சதவீதம். அணைந்தால் மறுபடி முதல் கட்டத்திலிருந்துதான்.

“அண்ணே, சீக்கிரம்!” என்று தன் அடாப்டரிடம் கெஞ்சியது.

அடாப்டர் ஜப்பானில் பிறந்தது, தட்டைக் கால். சுவரிலோ உருண்டை ஓட்டை.

“என் முதுகில ஏறிக்கோங்கண்ணே, நான் உள்ளே போறேன்,” என்றது உள்ளூர் கன்வர்ட்டர் பிளக்.

“ஏறுவேன். அப்புறம் ‘நான்தான் கரண்ட் கொடுத்தேன்’னு நீ ஊரெல்லாம் சொல்லுவே!”

“சொல்லமாட்டேண்ணே.”

“சத்தியம் பண்ணு. சுவிட்சு சாட்சி.”

பிளக் சத்தியம் செய்து, சுவிட்சும் சாட்சி சொல்லி முடித்தபோது கேம் பெட்டியின் திரை இருண்டுவிட்டது.

அடாப்டர் உச்சுக்கொட்டியது. “நான் தயாராத்தான் இருந்தேன். இந்தப் பயலுக்குத்தான் பொறுமையே இல்லை.”

நான் சொன்னதாக யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்த அடாப்டர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.