ஏழை அப்பா வேணும்

"அம்மா, அப்பா கிளீனரா வேலை செய்தவர் எண்டு சொல்லுங்கோ. சின்ன வீடியோதான். கீழ இங்கிலிஷ் நான் போடுறன்."

லண்டனிலிருந்து மகள் சுபாங்கி இப்படிச் சொன்னதும், கனடாவில், மோர்னிங்சைட் வீட்டில் மங்கையற்கரசியின் முகம் மாறியது.

"கொப்பர் கணக்காளர். மனுசன் செத்து வருசத் திவசம் முடியேல்லை, அதுக்குள்ள வேலையை மாத்திப்போட்டியே?"

அவள் கணவர் ஸ்ரீஸ்கந்தராசா கடைசியாகச் செய்த காரியமும் அரசியல்தான். சோபாவில் இருந்து பிரித்தானியச் செய்தி பார்த்தபடி, "உந்த மந்திரிமார் எல்லாம் காசுப் பள்ளிக்கூடத்துப் பெடியள். பஸ் ஓட்டுறவனுக்காக ஆர் கதைக்கிறது?" என்று தொலைக்காட்சியை ஏசினார். பிறகு தேத்தண்ணி கேட்டார். அது வருவதற்குள் போய்விட்டார்.

"அப்பா சொன்னதுக்காகத்தானே பாராளுமன்றத்துக்குக் கேக்கிறன்," என்றாள் சுபாங்கி. "முதலில கட்சி ஆக்கள் என்னை வேட்பாளராத் தெரிவுசெய்யவேணும். என்னோட போட்டி போடுறவன் வீட்டில குதிரை நிக்குது. அவனே தாத்தா சுரங்கத்தில கரி வெட்டினவர் எண்டு அழுறான். கணக்காளற்ர மகளுக்கு ஆர் வோட்டுப் போடுவினம்?"

"எங்கட ஆக்களுக்குள்ள கிளீனர் எண்டால் கலியாணமே பேசமாட்டினம். அங்க சீற்றே குடுக்கினமோ?"

கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்த மருமகள் கஜனி சிரித்தாள். "ஊரில பியோனைக் கிளாக்கர் எண்டனாங்கள் மாமி. லண்டனில அதை மற்றப் பக்கமாச் சொல்லுகினம்."

"அப்ப என்ர வேலையைச் சொல்லட்டே?"

"ஐயோ வேண்டாம் அம்மா. நீங்கள் டவுன்ரவுன் ஒஃபிசில வேலை. அதையும் சொல்லிக் கெடுத்துப்போடாதேங்கோ."

மங்கையற்கரசி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"பிடி பிள்ளை போனை."

அவள் பேசினாள். "என்ர மனுசன் விடியமுதல் வாற பஸ்ஸில போவார். ஆக்கள் வேலைக்கு வரமுதல் எல்லா மாடியும் துடைச்சு முடிக்கவேணும். மருந்துத் தண்ணி பட்டுக் கை வெடிக்கும். சோறு குழைக்கேலாது, கரண்டியாலதான் சாப்பாடு. அத்தினை கதிரை துடைச்சும் ஒண்டிலயும் இருந்ததில்லை. என்ர மகள் பாராளுமன்றத்தில போய் ஒரு கதிரையில இருக்கட்டும்."

கஜனி பதிவை நிறுத்தினாள். மாமி இவ்வளவு நன்றாகப் பொய் சொல்வாள் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

வார இறுதியில் சுபாங்கி அழைத்தாள். குரலில் மகிழ்ச்சி இல்லை, தூங்காத களைப்புத்தான்.

"வெண்டிட்டன் அம்மா. மண்டபமே அழுதது. இப்ப பேப்பர்காரர், அப்பா வேலை செய்த கட்டடத்தைக் காட்டு எண்டு நிக்கினம். பொய் பிடிபட்டால் எல்லாம் முடிஞ்சுது."

"காட்டுறதுதானே. கட்டடம் இப்பவும் நிக்குது. கூட வேலை செய்த றோசலினும் இருக்கிறா."

"ஆரோட கூட?"

"கொப்பர் இங்கத்தைய கணக்காளர் சோதினை பாஸ் பண்ணுமட்டும் உங்களுக்கு ஆர் சாப்பாடு போட்டது எண்டு நினைச்சனீங்கள்? உந்த வீடியோவில அப்பா எண்ட இடத்தில அம்மா எண்டு போடு பிள்ளை. மிச்சமெல்லாம் உண்மை."