வார்னிஷ் அடிக்காத மரம்

"ஒரு பொட்டு கறை இருக்கக் கூடாது தம்பி. புது மரம் மாதிரி ஆக்கிக் குடுங்க."

எல்சி கிடாரை மேசை மேல் வைத்தாள். கீழவாசலில் கிடார், கீபோர்டு பழுது பார்க்கும் சூர்யபிரகாஷுக்கு, உறையைத் திறக்கும்போதே அது யாருடையது என்று தெரிந்துவிட்டது. அவள் மகன் ஆன்டோவுடையது.

அந்த எலக்ட்ரிக் கிடாருக்கு நெக்கை, விரல்கள் ஓடும் அந்த நீளக் கட்டையை, மாற்றிக் கொடுத்ததே சூர்யபிரகாஷ்தான். மேப்பிள் மரம்.

"வார்னிஷ் வேணாம்ண்ணே, கை ஒட்டுது. வெறும் மரமாவே இருக்கட்டும்" என்று அப்போது அடம்பிடித்தான் ஆன்டோ.

"வெறும் மரம் வேர்வையைக் குடிக்கும்டா. கறுத்துப் போவும்."

"என் வேர்வைதானே, குடிச்சிட்டுப் போவட்டும்."

அன்றைக்கு ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றவனின் இடது கட்டை விரலில் சூர்யபிரகாஷ் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் பட்டுவிட்டது. உளுந்து அளவுக்குத் தழும்பு. "கையெழுத்துப் போட்டு விட்டுட்டீங்கண்ணே" என்று அதற்கும் சிரித்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் வல்லம் ரோட்டில் பைக்கில் போனவன் திரும்பவில்லை. கண்ணீர் அஞ்சலி பேனரில் படத்தைப் பார்த்துத்தான் சூர்யபிரகாஷுக்கே தெரியும். அந்த வீட்டு வாசலை மிதிக்கத் தைரியம் வரவில்லை. இப்போது அவளே வந்து நிற்கிறாள்.

"என்னம்மா இது, இவ்வளவு பிசுக்கு?"

"தேங்காண்ணெய் தடவினேன் தம்பி. பேராவூரணியிலேருந்து ஒரு வீட்டுல மாசாமாசம் குடுத்து விடுவாங்க. நல்ல எண்ணெயாச்சேன்னு..."

"கிடார் என்ன சடையா பின்னிக்கப் போவுது?"

எல்சி சிரித்தாள். அவள் சிரிப்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

நெக்கைத் திருப்பிப் பார்த்தான். விரல்கள் ஓடிய இடமெல்லாம் அழுக்கேறியிருந்தது. பின்பக்கம், கட்டை விரல் அழுந்தும் இடத்தில், பத்திர ஆபீஸில் ரேகை வைத்தாற்போல் ஒரு கறுப்பு.

"இது அவன் கை பட்ட இடம்மா. இதை மட்டும் விட்டுடட்டுமா?"

"வேணாம். எடுத்துடுங்க."

"தேய்ச்சா போச்சு. திரும்ப வராது."

"தெரியும் தம்பி. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஒரு பிள்ளையைக் கூட்டிட்டு வர்றேன். கிடார் கத்துக்கப் போவுது. அடுத்தவன் கறையில கை வைக்கிறோமேன்னு அதுக்குச் சங்கடமா இருக்கக் கூடாது."

அவனுக்குச் சுருக்கென்றது. ரெண்டே வருஷம்! பெற்ற பிள்ளையின் பொருளை எவனுக்கோ தூக்கிக் கொடுக்கப் போகிறாள். அதுவும் கழுவித் துடைத்து. ரசீதைக் கிழித்துக் கொடுத்தான்.

மறுநாள் கம்பிகளைக் கழற்றி, நெக்கைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். தண்ணீர் பட்டால் மரத்தில் நார் எழும்பிவிடும். வெள்ளை பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்தான். எண்ணெய்ப் பிசுக்கு போனது. பிறகு நைஸ் உப்புத்தாளால் மரம் ஓடும் திசையிலேயே மெல்லத் தேய்த்தான். ஒவ்வொரு தேய்ப்புக்கும் கறுப்புத் தூள் மடியில் உதிர்ந்தது. ஆன்டோவின் வேர்வை. அதை ஊதித் தள்ள மனசு வராமல் லுங்கியைச் சுருட்டியபடியே எழுந்துபோய் வெளியே உதறிவிட்டு வந்தான்.

மரம் அரிசி மாவு நிறத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கட்டை விரல் இடம்தான் பாக்கி. உப்புத்தாளை எடுத்தான், வைத்தான். மறுபடி எடுத்தான். கடைசியில் அதன் மேலேயே தேன்மெழுகைத் தடவி மூடிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை எல்சி வந்தாள். பின்னாலேயே இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன், அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு.

நெக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்த எல்சியின் விரல் நின்றது. "இது என்ன தம்பி?"

"அது... போவலைம்மா."

"போவலையா?"

"எனக்கு மனசு வரலை!" அவன் குரல் உயர்ந்துவிட்டது. "பெத்த உங்களுக்கு எப்படி வந்துச்சுன்னுதான் தெரியலை."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். எல்சி கோபப்படவில்லை.

"அந்தக் கறையை வச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் அழுதாச்சு தம்பி. போதும்" என்றாள். பிறகு பையன் பக்கம் திரும்பினாள். "பிரபு, வாப்பா. பிடிச்சுப் பாரு. டாக்டர்தான் விரலுக்கு வேலை குடுக்கச் சொன்னாருல்ல?"

"வராதும்மா. விரல் இன்னும் சரியா மடங்க மாட்டேங்குது."

"மடங்கும். அதுக்குப் பழக்கம்தான்."

பிரபு தயங்கித் தயங்கி இடது கையை நீட்டினான். சட்டைக் கை மேலேறியது. கரிய முன்கை, மணிக்கட்டைச் சுற்றி வளையல் போல ஒரு தையல் தழும்பு, அதற்குக் கீழே வேறு நிறத்தில் கை.

"பேராவூரணிப் பிள்ளை தம்பி. தேங்கா பறிக்கையில இரும்புத் தொரட்டி கரண்டு கம்பியில பட்டு ரெண்டு கையும் போயிடுச்சு" என்றாள் எல்சி. "ஆன்டோவுக்கு மூளைச்சாவுன்னு சொன்ன அன்னிக்கு ஆஸ்பத்திரியில கையையும் கேட்டாங்க. குடுத்துட்டோம்."

விறைத்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக நெக்கைச் சுற்றி மடங்க, உளுந்து அளவுத் தழும்பிருந்த கட்டை விரல், சூர்யபிரகாஷ் விட்டு வைத்த கறையின் மேல் அளவெடுத்தாற்போல் போய் உட்கார்ந்தது.