லூவா உட்கார்ந்த இடம்

லூவா உட்கார்ந்தது.

அதே நேரத்தில் மலைக்கு அப்பால் இடி உருண்டது.

சபாலோவின் கையில் இருந்த நீளக் கயிறு தொய்ந்தது. கண்ணிவெடி மோப்பம் பிடிக்கும் நாய் உட்கார்ந்தால், அதன் மூக்குக்கு நேரே மண்ணுக்குள் வெடி இருக்கிறது என்று அர்த்தம்.

ஆற்றுக்குப் போகும் பாதையில் இதுதான் கடைசித் துண்டு. எல்லைக் கயிற்றுக்கு வெளியே பெண்கள் மண்வெட்டியும் விதைச்சோளமுமாகக் காத்திருந்தார்கள். மழை பெய்து மண் பதமாக இருந்தது. விட்டால் காய்ந்துவிடும்.

"மச்சான், உன் நாய் இப்ப வானத்துல வெடி தேடுதா?"

சிலோம்போதான். சபாலோவின் மனைவிக்குத் தம்பி. நாய் காட்டும் இடத்தைக் குப்புறப் படுத்துத் தோண்டுவது அவன் வேலை. இந்த மழைக்காலத்தில் இடி இடித்தபோது லூவா உட்கார்ந்த இடங்களில் எல்லாம் அவன் தோண்டியாகிவிட்டது. வெறும் மண். இன்னொரு முறை பொய்யானால் நாயைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாய் போனால் சபாலோவுக்கு மறுபடியும் கரிமூட்டம் போடும் பிழைப்புதான்.

அது ஏன் உட்காருகிறது என்று சபாலோவுக்கு மட்டும்தான் தெரியும்.

போன வருடம் இடி கேட்டாலே கூண்டுக் கம்பியைக் கடித்து வாயை ரத்தமாக்கிக்கொள்ளும். பயந்த நாய்க்கு இந்த வேலையில் இடமில்லை. அவன் கைப்பேசியில் இடிச் சத்தத்தைப் பிடித்து, முதலில் முணுமுணுப்பாக வைத்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினான். பயம் வரும்போது உடம்புக்குச் செய்ய ஏதாவது வேண்டும். லூவாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

சத்தம் வந்தால் உட்கார். உட்கார்ந்தால் கருவாடு.

நடுக்கம் போனது. எல்லோரும் அவனை மெச்சினார்கள். என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பது முதல் மழையன்றுதான் அவனுக்கே உறைத்தது. யாரிடமும் சொல்லவில்லை.

சரிபார்க்க இன்னொரு நாய் வரவேண்டும். அது உண்ணிக் காய்ச்சலில் படுத்திருந்தது.

"இடிக்குத்தான்டா," என்றான் சபாலோ.

அப்படிச் சொன்னால் சொன்னவன்தான் முதலில் நடக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்க்காமல் இந்த ஊரில் யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

கயிற்றை இழுத்தான். நாய் அசையவில்லை. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, நாயை ஒட்டி அதைத் தாண்டி நடந்தான்.

ஒன்றும் ஆகவில்லை.

பின்னால் சிலோம்போ பெண்களிடம் சொல்வது கேட்டது. "இடிக்குப் பயந்து உக்காந்திருக்கு, வேறொண்ணுமில்ல."

"எங்க வீட்டு ஆம்பளயே இடிச்சா கட்டிலுக்கடியில பூந்துக்குறான். நாய் என்ன பண்ணும், பாவம்," என்றாள் முன்னால் நின்ற விட்டோரினா. சிரிப்பு எழுந்தது.

சபாலோ ஆற்றங்கரையைத் தொட்டான். சிலோம்போ எல்லைக் கயிற்றை அவிழ்த்தான். பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாதைக்குள் இறங்கினார்கள். விட்டோரினாவின் முதுகில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

சபாலோ திரும்பிப் பார்த்தான்.

மேகம் வேறு பக்கம் போய்விட்டிருந்தது. அவன் நடக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு முறைகூட இடிக்கவில்லை.

இடி ஓய்ந்ததும் லூவா எழுந்து கருவாட்டுக்கு அவன் கையை முட்டும். ஒரு நாளும் தவறியதில்லை.

லூவா எழுந்திருக்கவில்லை. பாதையின் நடுவில் ஒரே இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

கத்த வாயெடுத்தான். கத்தினால் நிற்க மாட்டார்கள். பயந்து நாலா பக்கமும் ஓடுவார்கள். பாதைக்கு இருபுறமும் இன்னும் நாய் மோந்து பார்க்காத புல்.

சத்தமில்லாமல், நிற்கச் சொல்லி இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினான்.

விட்டோரினா பார்த்தாள். தானும் ஒரு கையை உயர்த்திச் சிரித்து, நடையை எட்டிப் போட்டாள்.