தானாக விழ வேண்டும்

பொத்தானை அழுத்தினால் பிஸ்டலில் குண்டுகள் அடுக்கிய மேகசின் தானாகக் கீழே விழ வேண்டும். எஸ்.ஐ. மதிவாணனின் பிஸ்டலில் விழவில்லை. குண்டு தீர்ந்த மேகசினை மாற்ற முடியாமல்தான் நேற்று துப்பாக்கிச் சண்டையில் அவர் செத்துப்போனார்.

ஆயுதக்கிடங்கு ஏட்டு குருபாதம் அந்த மேகசினைப் பிடுங்கியெடுத்தார். விளிம்பு முழுக்கச் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது, நடுவே குங்குமம். ஆயுத பூஜையன்று குருபாதமே வைத்த பொட்டு. "எனக்குத் தாராளமா வைங்க ஏட்டய்யா" என்று மதிவாணன் சிரித்துக்கொண்டே பிஸ்டலை நீட்டியிருந்தார்.

"என்னய்யா கோளாறு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பாத்துட்டிருக்கேங்கய்யா."

நகத்தால் சுரண்டினார். வாசனை இன்னும் போகவில்லை. அலமாரியிலிருந்து அடுத்த பிஸ்டலை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். அதுவும் விழவில்லை. அதற்கடுத்ததை எடுத்தார்.